திடீர் கண் அழுத்தம்: லேசர் போட்டாச்சு, பிறகு எதற்கு ஆபரேஷன்?

கேள்வி, 4 ஜூலை 2024

அம்மாவுக்கு 63 வயது. போன வாரம் ராத்திரி திடீரென்று வலது கண்ணில் தாங்க முடியாத வலி, வாந்தி, பார்வை புகைமூட்டம். ப்ரெஷர் 58 என்றார்கள். மருந்தில் இறங்கியதும் லேசர் போட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது இன்னொரு டாக்டர், "அந்தக் கண்ணுக்குப் புரை ஆபரேஷனும் செய்துவிடலாம்" என்கிறார். அம்மாவுக்கு 6/9 வரை தெரிகிறது, புரை முற்றவே இல்லை. லேசர்தான் சரிசெய்துவிட்டதே, பிறகு எதற்குக் கத்தி? பில் ஏற்றத்தான் சொல்கிறார்கள் என்று படுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், இரண்டில் எது நல்லது?

4 ஜூலை, இரவு

அனுபவப்பட்டவள் நான். அதே வலது கண்தான். எனக்கு லேசரும் ஆனது, பிறகு ஆபரேஷனும் ஆனது. அந்த டாக்டர் சொல்வதைச் சட்டென்று தள்ளிவிடாதீர்கள்.

லேசர் என்ன செய்தது என்று முதலில் பார்ப்போம். கண்ணுக்குள் ஐரிஸுக்குப் பின்னால் (பாவையைச் சுற்றிப் பழுப்பாகத் தெரிகிற படலம்தான் ஐரிஸ்) நிமிடத்துக்கு 2 மைக்ரோலிட்டர் சொச்சம் நீர் சுரந்துகொண்டே இருக்கிறது. அது பாவை வழியாக முன்னால் வந்து, ஐரிஸின் ஓரத்தில் உள்ள மூலை வழியாக வெளியேற வேண்டும். நம்மைப் போலக் கண் கொஞ்சம் குட்டையாக இருந்தால், வயதாக ஆக லென்ஸ் தடித்து முன்னால் தள்ளும். ஒரு நாள் ஐரிஸ் லென்ஸோடு பதிந்துகொள்ளும். நீர் பின்னாலேயே தேங்கும். காற்றில் உப்பும் திரைச்சீலை மாதிரி ஐரிஸ் முன்னால் உப்பி, மூலையை அடைத்துவிடும். அப்புறம் 58, 60 என்று ஏற வேண்டியதுதான். மூலை அடைபட்டு வருகிற இந்த கிளாக்கோமாவைத்தான் அட்டாக் என்கிறோம்.

லேசர் ஐரிஸின் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை போடுகிறது. நீருக்குக் குறுக்கு வழி கிடைக்கிறது, உப்பியது தணிகிறது. ஆனால் தள்ளிய லென்ஸ்? அது அங்கேயேதான் இருக்கிறது. புரை ஆபரேஷன் எடுப்பது அந்த லென்ஸைத்தான்.

5 ஜூலை, காலை

தூங்கி எழுந்து யோசித்தபோது ஒன்று தோன்றியது. லேசரா ஆபரேஷனா என்று கேட்கிறவர்கள் எல்லோரும் முதல் கட்டத்தை விட்டுவிடுகிறார்கள். அட்டாக் வந்த அன்றைக்குக் கண்ணைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இரண்டுமே இல்லை, மருந்து.

டயமாக்ஸ் 500 மில்லிகிராம், டைமோலால் சொட்டு, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு சொட்டு, இறங்கவில்லையென்றால் மானிடால் டிரிப். பாவையைச் சுருக்கும் பைலோகார்ப்பின் சொட்டை எடுத்த எடுப்பிலேயே ஊற்றிப் பயனில்லை. ப்ரெஷர் ஐம்பதுக்கு மேல் இருக்கும்போது ஐரிஸின் தசைக்கு ரத்தம் போகாது, மருந்துக்கு அது அசையாது. கொஞ்சம் இறங்கிய பிறகுதான் வேலை செய்யும்.

கண்ணின் முன்படலம் (கார்னியா) நீர் கோத்து மங்கியிருந்தால் லேசரைக் குறிபார்த்து அடிக்கவும் முடியாது. மருந்துக்கும் இறங்காத கண்ணில் ஐரிஸின் விளிம்பைச் சுற்றிலும் லேசரால் சுட்டுச் சுருக்கி மூலையைத் திறப்பது உண்டு. அதை இரிடோபிளாஸ்டி என்பார்கள். அது ஓட்டை போடுவது இல்லை, வேறு வேலை. "லேசர் போட்டார்கள்" என்றால் எந்த லேசர் என்று சீட்டில் பாருங்கள்.

5 ஜூலை, மதியம்

டயமாக்ஸ் சாப்பிடுகிறவர்களுக்கு: விரல் நுனியும் உதடும் மரமரக்கும், பயப்பட வேண்டாம். கோலி சோடா ருசிக்காது. எனக்கு ஏதோ தகரத்தை நக்கின மாதிரி இருந்தது, கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் கிட்னியில் கல் உள்ளவர்களும் மாத்திரையைக் கையில் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

7 ஜூலை

"லேசர் போட்டால் முடிந்தது, ஆயுசுக்கும் கவலை இல்லை" என்று ஒருவர் மேலே எழுதியிருக்கிறார். அட்டாக் வருவதற்கு முன்பே லேசர் போட்டுக்கொண்டவருக்கு அது பெருமளவு சரி. அட்டாக் வந்து போன கண்ணுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

ஐரிஸ் மூலையில் அழுந்திக் கிடந்த நேரத்தில் அங்கங்கே ஒட்டிக்கொண்டுவிடும். ஓட்டை போட்ட பிறகும் அந்த ஒட்டல் பிரியாது. வடிகாலே புண்பட்டிருக்கும். அதனால்தான் அன்றைக்கு 14, 15 என்று இறங்கிய ப்ரெஷர் சில மாதம் கழித்துச் சத்தமில்லாமல் ஏறுகிறது. வலியும் இருக்காது, கண் சிவக்காது. முதல் அட்டாக் கதவை உடைத்துக்கொண்டு வந்தது, இது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஹாங்காங்கில் அட்டாக்கை மருந்தில் அடக்கிய 62 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு லேசர் ஓட்டை, பாதிப் பேருக்குச் சீக்கிரமே ஃபேகோ, அதாவது லென்ஸை எடுத்துவிடுவது. முடிவு 2008இல் வந்தது. 18 மாதத்தில் லேசர் போட்டவர்களில் 46.7 சதவீதம் பேருக்கு ப்ரெஷர் மறுபடி சாதாரண எல்லையான 21ஐத் தாண்டிவிட்டது. ஃபேகோ செய்தவர்களில் 3.2 சதவீதம்.

சிங்கப்பூரிலும் இதே மாதிரி செய்தார்கள், 2012இல் வெளிவந்தது. 37 பேர்தான். இரண்டு வருடம் ப்ரெஷர் கட்டுக்குள் நின்றவர்கள்: லேசரில் 61.1, ஃபேகோவில் 89.5 சதவீதம்.

இரண்டும் சின்ன ஆய்வுகள்தான். ஆனால் இரண்டு ஊரும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. எனக்கும் அதேதான் நடந்தது. லேசருக்குப் பிறகு நிம்மதியாக இருந்தேன், ஆறு மாதச் செக்கப்பில் 27 என்றார்கள். சொட்டு மருந்து ஆரம்பித்தார்கள், ஒன்று இரண்டானது.

7 ஜூலை, இரவு

கோவை நண்பர் ஈகிள் ஆய்வை எடுத்துப் போட்டு, "419 பேர், ஐந்து நாடுகள், லான்செட் மருத்துவ இதழ் 2016, லென்ஸ் எடுப்பதே மேல் என்று தீர்ப்பாகிவிட்டது, இனி என்ன பேச்சு" என்கிறார். பெரிய ஆய்வுதான், நல்ல ஆய்வுதான். மூன்று வருடத்தில் லென்ஸ் எடுத்தவர்களில் 21 சதவீதம் பேருக்குத்தான் சொட்டு மருந்து தேவைப்பட்டது, லேசர் பக்கத்தில் 61 சதவீதம். ஆனால், ஐயா, அதில் ஏற்கெனவே அட்டாக் வந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. மூலை அடைபட்டு, மெல்ல மெல்ல ப்ரெஷர் ஏறியவர்களை வைத்துச் செய்தது அது. அந்த அம்மாவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அந்தம்மாவுக்குச் சாட்சி ஹாங்காங்கும் சிங்கப்பூரும்தான், ஈகிள் இல்லை.

9 ஜூலை

லேசர் எப்படி இருக்கும், வலிக்குமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இடது கண்ணுக்குப் போட்டபோது எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. வலது கண்ணுக்குப் போட்டபோது நான் எந்த உலகத்தில் இருந்தேன் என்றே தெரியாது.

ஊசி கிடையாது. முதலில் பைலோகார்ப்பின் ஊற்றி பாவையைச் சுருக்குவார்கள், நெற்றி விண்விண் என்று வலிக்கும். பிறகு மரத்துப்போக ஒரு சொட்டு. ஸ்லிட் லாம்ப் என்ற கண் பார்க்கும் கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, கண்ணில் ஒரு லென்ஸைப் பதிப்பார்கள். அது ஜில்லென்று ஒட்டும். அப்புறம் டிக், டிக் என்று ஒரு சத்தம். ஒவ்வொரு டிக்குக்கும் கண்ணுக்குள் யாரோ சுண்டிவிட்ட மாதிரி. பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. நம் பழுப்புக் கண்ணுக்கு ஐரிஸ் தடிமன், நீலக் கண்ணைவிட அதிக சக்தி வேண்டும். சிலருக்கு முதலில் ஆர்கான் லேசரால் மெலிதாக்கிவிட்டு, பிறகு யாக் லேசரால் துளைப்பார்கள். கொஞ்சம் ரத்தம் கசியலாம், பதித்த லென்ஸாலேயே அழுத்திப் பிடிப்பார்கள், நின்றுவிடும். உடனே வீட்டுக்கு விடமாட்டார்கள். லேசருக்குப் பின் ஒரு மணி நேரத்தில் ப்ரெஷர் எகிறலாம், மறுபடி பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். பொறுமையாக உட்காருங்கள்.

ஒரே ஒரு தொந்தரவு. விளக்கைப் பார்த்தால் கண்ணின் ஓரமாக மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். அந்த ஓட்டை வழியாகப் புகும் வெளிச்சம் அது. இமைக்குள் மறைகிற மாதிரி மேலே போட்டால் வருமா, பக்கவாட்டில் போட்டால் வருமா என்று டாக்டர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. எனக்குச் சில மாதத்தில் பழகிவிட்டது. சொல்லப்போனால் இப்போது தேடினால்தான் தெரிகிறது.

10 ஜூலை

மேலே எழுதியதையெல்லாம் படித்துவிட்டு யாராவது நாளைக்கே ஆபரேஷன் தியேட்டர் வாசலில் போய் நிற்கப் போகிறீர்கள் என்று கவலையாக இருக்கிறது. ஆகவே மறுபக்கம்.

அட்டாக் வந்த கண்ணில் புரை ஆபரேஷன் என்பது பக்கத்து வீட்டுத் தாத்தா காலையில் போய் மத்தியானம் திரும்பி வந்தாரே, அந்த ஆபரேஷன் இல்லை. முன்படலம் மங்கலாக இருக்கும், உள்ளே சரியாகத் தெரியாது. கருவி நுழையவே இடம் இருக்காது. ஐரிஸ் துவண்டு கிடக்கும், பாவை சரியாக விரியாது. லென்ஸைத் தாங்கும் நார்கள் தளர்ந்திருக்கலாம். முன்படலத்தின் உள்வரிசைச் செல்கள் ஏற்கெனவே ப்ரெஷரில் அடிபட்டவை, ஃபேகோவின் அதிர்வில் இன்னும் போகும். போனால் அவை மறுபடி வளராது. ரொம்பக் குட்டையான கண்ணில் ஆபரேஷனுக்குப் பிறகு நீர் பின்பக்கமாகத் திசைமாறிப் போய் ப்ரெஷர் எகிறுகிற ஒரு சிக்கலும் உண்டு. அபூர்வம்தான், ஆனால் வந்தால் கடுமை.

கண்ணில் அளவெடுப்பதும் தள்ளிப்போகும். மங்கிய, வீங்கிய கண்ணில் எடுத்த அளவை வைத்து லென்ஸ் பவரைத் தீர்மானித்தால் பவர் தவறிப்போகும். சாதாரணக் கண்ணின் நீளம் 23, 24 மில்லிமீட்டர். என்னுடையது 21.5. அதனால் பவரும் அதிகம், சின்னப் பிசகும் பெரிதாகத் தெரியும்.

ஆகவே எனக்கு என் டாக்டர் செய்ததுதான் நியாயமாகப் படுகிறது: மருந்தில் அடக்கு, கண் தெளியட்டும், லேசர் போட்டுப் பாதுகாப்பு கொடு, வீக்கம் அடங்கிய பிறகு நிதானமாக லென்ஸை எடு. ஆறின கண், அனுபவமுள்ள கை. இந்த வரிசையில் லேசர் வீணாகப் போகவில்லை, ஆபரேஷன் வரை கண்ணைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

லென்ஸ் போனதும் என்ன நடந்தது என்று கேட்டால், இடம் பிறந்தது. இந்த வயதில் சொந்த லென்ஸ் நாலரை, ஐந்து மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். உள்ளே வைக்கிற செயற்கை லென்ஸ் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஐரிஸ் தானாகப் பின்வாங்கியது. இப்போது சொட்டு மருந்து இல்லாமல் 15. சின்ன வயதிலிருந்து போட்டுக்கொண்டிருந்த சோடாபுட்டிக் கண்ணாடியும் போனது. அது இல்லாமல் என் முகம் எனக்கே அந்நியமாக இருக்கிறது, அது வேறு கதை.

12 ஜூலை

"எங்கள் பெரியம்மாவுக்கு அந்தக் காலத்தில் கண்ணில் கிழித்து ஆபரேஷன் செய்தார்கள், அது இது இல்லையா?" என்று ஒரு கேள்வி. இல்லை. இரண்டு வேறு ஆபரேஷன்கள் இருக்கின்றன.

ஒன்று ஐரிஸில் ஒரு துண்டைக் கத்தியால் வெட்டியெடுப்பது. பெர்லின் டாக்டர் ஆல்பிரெக்ட் ஃபான் கிராஃபே 1857இல் அறிவித்தது. அதுவரை இந்த நோய் வந்தால் கண் போனது போனதுதான். ஏன் பலிக்கிறது என்ற விளக்கம் சரியாக அமைவதற்கு 1920 வரை ஆனது, அதுவரை அறுபது வருடம் வெட்டிக்கொண்டே இருந்தார்கள், கண்களும் பிழைத்துக்கொண்டே இருந்தன! இன்றைய லேசர் ஓட்டை அந்த வெட்டுக்குத்தான் வாரிசு. சொல்லப்போனால் "லேசர் எதிர் ஆபரேஷன்" என்ற சண்டை அந்த இடத்தில் எப்போதோ முடிந்துவிட்டது, லேசர் ஜெயித்துவிட்டது.

இன்னொன்று டிராபெகுலெக்டமி, ஆஸ்பத்திரியில் "டிராப்" என்பார்கள். 1968இல் கெய்ர்ன்ஸ் எழுதிய பிறகு பரவியது. வெள்ளைவிழியில் ஒரு சின்ன மூடி மாதிரி வெட்டி, நீர் வெளியேறப் புது வடிகால் அமைப்பது. பெரியம்மாவின் மேல் இமைக்கு அடியில் சின்னக் கொப்புளம் மாதிரி இருந்தால் இதுதான். அட்டாக் வந்து சிவந்து கொதிக்கிற கண்ணில் இதைச் செய்தால் புண் ஆறுகிற வேகத்தில் புது வடிகாலே தூர்ந்துபோகும், முன்னறையும் சுருங்கும். அதனால் முதல் வழியாக யாரும் கை வைப்பதில்லை. லேசர், லென்ஸ், சொட்டு எல்லாவற்றையும் மீறி ப்ரெஷர் நிற்காத கண்ணுக்கு அது வேண்டும்.

13 ஜூலை

நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைத்தால் போதும் என்று எழுதியவருக்கு: எங்கள் வீட்டிலும் அதைத்தான் வைத்தார்கள். குளிர்ச்சியாக இருந்தது. ப்ரெஷருக்கு அது தெரியவில்லை. முதலில் போன இடத்தில் வாந்தியைப் பார்த்துவிட்டுப் பித்தம் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள், ஒற்றைத் தலைவலி என்று ஒரு மாத்திரையும். கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பாவை பாதி விரிந்தபடி வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றிருக்கும்.

சிரசாசனம் செய்தால் கண்ணுக்கு நல்லது என்றவருக்கு: சென்னை சங்கர நேத்ராலயாவிலேயே அளந்து பார்த்து 2006இல் எழுதியிருக்கிறார்கள். தலைகீழாக நிற்கும்போது கண்ணின் ப்ரெஷர் இரண்டு மடங்காகிறது. தலை கீழே போகாத மற்ற ஆசனங்களைத் தாராளமாகச் செய்யுங்கள்.

15 ஜூலை

இத்தனை எழுதியும் யாரும் கேட்கவில்லை. அம்மாவின் இடது கண்ணுக்கு என்ன செய்தார்கள்?

ஒரு கண்ணில் அட்டாக் வந்தால் மறு கண்ணும் அதே அமைப்புதான். சும்மா விட்டால் ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அங்கேயும் வருகிறது. அந்தக் கண்ணுக்கு லேசர் கட்டாயம், தள்ளிப்போடவே கூடாது. இங்கே லேசர் ராஜா. நல்ல பார்வை உள்ள, இன்னும் அடிபடாத கண், பத்து நிமிட வேலை. இடது கண்ணைப் பற்றி அட்டையில் எதுவும் எழுதவில்லையென்றால் நாளைக்கே போய்க் கேளுங்கள். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதை அடுத்த மாதம்கூடப் பேசிக்கொள்ளலாம்.

15 ஜூலை, கொஞ்சம் கழித்து

இதைப் படித்துவிட்டு "மூலை குறுகல்" என்று அட்டையில் எழுதியிருக்கிற எல்லோரும் லேசருக்கு ஓட வேண்டாம். அட்டாக் வந்தவரின் மறு கண் வேறு, ஒன்றும் வராமல் மூலை மட்டும் குறுகலாக இருப்பவர் வேறு. சீனாவின் குவாங்சோவில் இப்படிப்பட்ட 889 பேருக்கு ஒரு கண்ணுக்கு மட்டும் லேசர் போட்டு ஆறு வருடம் பார்த்தார்கள் (லான்செட், 2019). லேசர் போட்ட கண்ணில் சிக்கல் பாதியாகக் குறைந்தது உண்மை, 19 கண்ணுக்கு எதிரே 36. ஆனால் போடாத 889 கண்களிலும் சிக்கல் வந்தது அந்த 36க்குத்தான். எல்லோருக்கும் போட வேண்டியதில்லை என்றே அவர்களும் முடித்தார்கள்.

ஆனாலும் வேலூர்ப் பக்கம் மக்களை ஐந்து வருடம் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்ததில், குறுகல் என்று இருந்தவர்களில் 22 சதவீதம் பேர் அடுத்த கட்டத்துக்கு, அதாவது மூலையில் ஒட்டலோ ப்ரெஷர் ஏற்றமோ வந்த கட்டத்துக்குப் போயிருந்தார்கள். நம்மூர்க் கணக்கு அது. எனக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது தோன்றுவது: வருடா வருடம் கோனியோ (கண்ணில் லென்ஸ் பதித்து மூலையைப் பார்க்கும் சோதனை) பார்க்கிறவர் காத்திருக்கலாம். டாக்டர் கூப்பிட்டாலும் போகாதவர், ஊரில் கண் டாக்டரே இல்லாதவர், அடிக்கடி பாவையை விரிக்க வேண்டிய சர்க்கரைக்காரர், அண்ணன் தங்கைக்கு அட்டாக் வந்தவர் போட்டுக்கொள்வது நல்லது.

18 ஜூலை

முப்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் அட்டாக், தலைவலிக்காகப் புதிதாக மாத்திரை ஆரம்பித்திருக்கிறார், லேசர் போடலாமா என்று கேட்டவருக்கு அவசரமாக: அந்த மாத்திரை டோபிரமேட்டா என்று பாருங்கள். அந்த வகை அட்டாக்கில் கண்ணுக்குள் பின்பக்கம் வீங்கி எல்லாவற்றையும் முன்னால் தள்ளுகிறது. ஓட்டை போட்டுப் பயனில்லை, பைலோகார்ப்பின் இன்னும் கெடுக்கும். மாத்திரை எழுதிய டாக்டரிடமும் கண் டாக்டரிடமும் இன்றே பேச வேண்டும், மாத்திரையை நிறுத்துவதுதான் அங்கே வைத்தியம். இளம் வயது, இரண்டு கண்ணும் சேர்ந்து என்றாலே முதலில் மருந்துச் சீட்டைக் கேட்க வேண்டும்.

21 ஜூலை

கேள்வி கேட்ட தம்பி பதில் போட்டிருக்கிறார். இடது கண்ணுக்கு இதுவரை ஒன்றும் செய்யவில்லையாம், வெள்ளிக்கிழமை லேசர். வலது கண்ணில் கோனியோ பார்த்ததில் பாதிக்கு மேல் ஒட்டியிருக்கிறது, ப்ரெஷர் ஒரு சொட்டு மருந்தோடு 22. ஆகஸ்டில் ஃபேகோ என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். "ஒட்டியதையும் சேர்த்துப் பிரிக்கலாம்" என்று டாக்டர் சொன்னாராம், அது என்ன என்கிறார்.

லென்ஸை எடுத்த கையோடு மூலையில் ஒட்டியிருக்கும் ஐரிஸை மெல்ல விலக்கிவிடுவது. ஒட்டல் புதிதாக இருக்கும்போது செய்தால்தான் பிரியும், நாள்பட்டால் இறுகிவிடும். அம்மாவுக்கு அட்டாக் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆகவே கேட்டுப் பார்க்கத் தக்கதுதான். அப்புறம், தம்பி, ஆபரேஷனுக்கு முன் அந்தக் கண்ணின் உள்வரிசைச் செல் எண்ணிக்கை எடுத்தார்களா என்று கேளுங்கள். பைலோகார்ப்பின் போட்டுக்கொண்டிருந்தால் எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது உள்ளவரை பாவை விரியாது. டைமோலால் சொட்டு என்றால் அம்மாவுக்கு ஆஸ்துமா உண்டா என்று அவர்கள் கேட்டிருப்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.